கலப்பற்று: மரக்கலம் பேணிய கைகளின் வரலாறு

நமது கடலோடி மரபைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பயணங்களைப் பற்றியே பேசுகிறோம். அரபுக் குதிரைகள் மஅபர் கரையில் வந்திறங்கியதையும், முத்தும் துணியும் இங்கிருந்து மேற்கே சென்றதையும், விண்மீன்களைக் கொண்டு வழி கண்ட மாலுமிகளின் அறிவையும் பெருமிதத்துடன் எடுத்துரைக்கிறோம். அப்பெருமிதம் தகும். ஆனால் ஒரு மரக்கலத்தின் ஓராண்டு வாழ்வை எண்ணிப் பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதியை அது கரையிலும் துறையிலும் கழித்திருப்பதை உணரலாம். அந்நாள்களில் அதைச் சுரண்டித் துடைத்தவர் எவர்? தளர்ந்த கயிற்றை இறுக்கியவர் எவர்? இடுக்குகளை அடைத்து எண்ணெய் பூசியவர் எவர்? இவ்வினாக்களுக்கு நம் நூல்களில் விடை தேடுவோர் அரியர்.

தமிழில் 'கலப்பற்று' என்றொரு சொல் உண்டு. மரக்கலத்துப் பலகைகளின் இடுக்குகளில் நீர் கசியாதபடி நாரோ பஞ்சோ திணித்து அடைக்கும் வேலைக்கு அது பெயர். கேட்டவுடன் 'கலம்', 'பற்று' என்னும் இரு தமிழ்ச் சொற்கள் சேர்ந்து பிறந்ததுபோல் ஒலிக்கும். உண்மையில் அது கடல் வழியே வந்த சொல். போர்த்துகீசியர் இவ்வேலை செய்வோனைக் 'கலஃபாத்தெ' என்பர். அரபியில் இவ்வேலை 'கல்ஃபத' எனப்படும். குவைத்தில் மரக்கலத் தச்சனுக்கே 'கல்லாஃப்' என்று பெயர். எது எதற்குத் தாய் என்பதில் மொழியறிஞர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். எவ்வாறாயினும், மத்தியதரைக் கடல் முதல் வங்கக் கடல் வரை ஒரே வேலைக்கு ஒரே ஓசையுடைய பெயர் வழங்கியிருப்பது ஓர் உண்மையைச் சொல்கிறது: கப்பலைப் பேணும் தொழிலும் கப்பலைப் போலவே துறைக்குத் துறை பயணம் செய்தது.

பேணுதல் என்பது கடல் வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் சிறு செய்தி அன்று. இந்தியப் பெருங்கடலின் முஸ்லிம் வணிக உலகம் பல நூற்றாண்டுகள் இயங்கியது இவ்வேலையின் மீதுதான். அதனை ஒரு தொழிலாக மட்டுமல்லாமல் ஓர் அமானிதமாகவும் நம் முன்னோர் கண்டனர் என்பதே இக்கட்டுரையில் நாம் காட்ட விழைவது.

மரக்கலத்தின் பகைவர்

புயலும் பாறையும் கொள்ளையரும் மரக்கலத்தின் வெளிப்படையான பகைவர். அவர்களைவிடக் கொடியவர் கண்ணுக்குத் தெரியாத பகைவர். வெப்பக் கடல்களில் கப்பல் புழு எனப்படும் உயிரொன்று உண்டு. புழு என்று அழைக்கப்பட்டாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. இளம் பருவத்தில் ஊசிமுனை அளவே உள்ள துளையிட்டு மரத்துக்குள் நுழைந்து, உள்ளே வளர்ந்து, மரத்தைக் குடைந்துகொண்டே செல்லும். பலகையின் மேற்புறம் பழுதின்றித் தோன்றும். உள்ளே அது தேனடையாகிக் கிடக்கும். நீருக்கடியில் உள்ள பகுதியில் ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிர்களும் பாசியும் படிந்து கலத்தின் வேகத்தைக் குறைக்கும். காற்றுப் பருவம் முடிவதற்குள் துறை சேர வேண்டிய கப்பலுக்கு அந்தத் தாமதமே ஆபத்து.

மேற்பகுதியைப் பகைப்பது வெயில். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பலகைகள் உலர்ந்து சுருங்கிப் பிளக்கும். மழைநீர் தேங்கிய மூலைகள் உளுத்துப்போகும். ஈரத்தோடு சுருட்டி வைத்த பாய் பூஞ்சணம் பிடித்துக் கிழியும். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு ஒரே இடத்தில் உராய்ந்து நைந்துபோகும். இவற்றுள் எதுவும் ஒரே நாளில் கப்பலை மூழ்கடிப்பதில்லை. பார்த்துச் சரிசெய்யாமல் விட்டால், புயல் வரும் நாளில் எல்லாம் ஒன்றுசேர்ந்து மூழ்கடிக்கும்.

ஆணியின்றித் தைத்த கலங்கள்

பழைய அரபு, இந்தியக் கலங்களின் தனித்தன்மை அவை ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை என்பதாகும். பலகைகளின் விளிம்பை ஒட்டித் துளைகளிட்டு, இணைப்பின் மீது நார்த்திரள் வைத்து, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைப்பர். பின்னர் துளைகளை அடைப்பர்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அபூ ஸைத் அஸ்ஸீராஃபி இக்கலங்களைப் பற்றி அரிய செய்திகளைத் தந்துள்ளார். உமான் நாட்டினர் தச்சுக் கருவிகளுடன் தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வர். அங்கே மரத்தை வெட்டிப் பலகையாக்குவர். நாரைத் திரித்துக் கயிறாக்கி அப்பலகைகளைத் தைப்பர். பாய்மரமும் பாயும் அம்மரத்திலிருந்தே செய்துகொள்வர். தேங்காயையே சரக்காக ஏற்றித் திரும்புவர். திமிங்கிலத்தின் கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெய், வேறு பொருள்களுடன் கலக்கப்பட்டுக் கப்பல்களின் தையல் துளைகளையும் இடுக்குகளையும் அடைக்கப் பயன்பட்டதையும் அவர் குறிப்பிடுகிறார். கப்பல் கட்டியதைச் சொன்ன பலர் இருக்க, கப்பலைப் பூசியதையும் சொன்ன வரலாற்றாசிரியர் என்ற வகையில் அபூ ஸைதுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

இங்கே திருக்குர்ஆனின் ஒரு சொல் நம் கவனத்துக்குரியது. 'அல்கமர்' அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பலகைகளாலும் 'துஸுர்'களாலும் ஆனதென்று குறிக்கிறது. 'துஸுர்' என்பதற்கு ஆணிகள் என்று விரிவுரையாளர் பலர் பொருள் கொண்டனர். கப்பலின் முகப்பு என்றும் சிலர் கொண்டனர். மொழியறிஞர் அல்ஜவ்ஹரி தம் 'அஸ்ஸிஹாஹ்' அகராதியில், கப்பற் பலகைகளைப் பிணைக்கும் கயிறுகள் என்ற பொருளையும் ஆணிகள் என்ற பொருளையும் தருகிறார். ஆணியும் கயிறும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது, அந்த அறிஞர்கள் இருவகைக் கலங்களையும் அறிந்த உலகில் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) அந்தலூசியாவின் இப்னு ஜுபைர் ஹஜ் பயணத்தின்போது செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள அய்தாப் துறையை அடைந்தார். அங்கிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்த 'ஜிலாப்' என்னும் கலங்களை அவர் ஒரு தச்சனின் கண்ணோடு பார்த்திருக்கிறார். ஆணி ஒன்றுகூட இல்லை. தேங்காய் மட்டையை அடித்து நூலாக்கித் திரித்த 'கின்பார்' கயிற்றால் தைத்திருந்தனர். இடையே பேரீச்ச மரக் குச்சிகளைச் செருகியிருந்தனர். கட்டி முடிந்த பின் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர். இம்மூன்றில் சுறா எண்ணெயே சிறந்தது என்பது அவர் கேட்டறிந்தது. எண்ணெய் பூசுவதன் நோக்கத்தையும் அவர் விளக்குகிறார்: அக்கடலில் பவளப்பாறைகள் மிகுதி. மரம் மென்மையும் வளைவும் பெற்றிருந்தால் மோதலைத் தாங்கும். மரமும் கின்பாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை என்றும் குறிப்பிடுகிறார்.

நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் மாலத்தீவில் காழியாக இருந்த இப்னு பதூதாவும் இதே கருத்தைச் சொல்கிறார். கடலோரக் குழிகளில் மட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து, பெண்கள் அதைத் திரிப்பர் என்றும், அக்கயிறு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் செல்கிறதென்றும், ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுக்கும் என்றும் அவர் எழுதினார். அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே அல்பிரூனி அத்தீவுகளை இருவகையாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சோழிகளாலும் மறுபகுதியைக் கயிற்றாலும் பெயரிட்டு அழைத்திருந்தார். கப்பல் பேணும் ஒரு பொருள் தீவுக் கூட்டத்துக்கே பெயராகும் அளவுக்கு அதன் தேவை இருந்தது.

மஅபரிலிருந்து ஒரு குறை

இக்கலங்களை இகழ்ந்தோரும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸ் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள கப்பல்கள் இழிந்தவை, அவற்றுக்குக் கீல் பூசுவதில்லை, மீனெண்ணெயே தடவுகின்றனர், பல கடலில் அழிகின்றன என்று எழுதினார். அதே காலத்தில் நம் மஅபர் கரையிலிருந்து மடல் எழுதிய மொந்தெகொர்வினோ யோவான் என்ற பிரான்சிஸ்கன் துறவியும் இப்பகுதிக் கலங்களில் இரும்பும் இல்லை, கலப்பற்றும் இல்லை, துணியைப்போல் நூலால் தைக்கப்பட்டுள்ளன என்று வியந்தார். நூல் அறுந்தால் ஓட்டை விழும். ஆகவே கடலுக்குச் செல்ல வேண்டுமாயின் ஆண்டுக்கொரு முறை செப்பனிட்டே தீர வேண்டும் என்பது அவர் கண்ட குறை.

அவர் குறையாகக் கண்டதை நாம் வேறு விதமாகவும் காணலாம். ஆண்டுக்கொரு முறை செப்பனிட வேண்டும் என்றால், ஆண்டுக்கொரு முறை செப்பனிட முடியும் என்பதும் அதனுள் அடங்கும். ஆணி அறைந்த பலகையைக் கழற்றினால் மரம் பிளக்கும். துருவேறிய ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தைத்த கலத்திலோ கயிற்றை அறுத்துப் பலகையைத் தனியே எடுக்கலாம். புழு அரித்த ஒன்றை மட்டும் நீக்கிப் புதியதை வைத்துத் தைக்கலாம். இரும்புப் பட்டறை வேண்டாம். தென்னை உள்ள எந்தக் கரையிலும் பழுது பார்க்கலாம். பேணப்படுவதற்கென்றே வடிவமைத்த கலம் அது.

தொல்லியல் இதற்குச் சான்று தருகிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டுக் கலமொன்று கண்டெடுக்கப்பட்டது. சீனாவிலிருந்து ஏறத்தாழ அறுபதாயிரம் பீங்கான் பொருள்களைச் சுமந்து மேற்கே திரும்பிக்கொண்டிருந்த அது, ஆணியின்றித் தைக்கப்பட்டது. அதன் மரங்களுள் ஆப்பிரிக்க மரமும் இருந்தது. ஆனால் அதைத் தைத்திருந்த கயிற்றிலும் திணித்திருந்த நாரிலும் தென்கிழக்காசிய மரங்களின் கூறுகள் காணப்பட்டன: செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த கடலோர மரத்தின் நாரும், மெலலூக்கா மரப்பட்டையும். கலம் பயணத்தின் இடையே தென்கிழக்காசியத் துறையொன்றில் மீண்டும் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பெயர் தெரியாத ஒரு கரையில், பெயர் தெரியாத கைகள் செய்த பழுதுபார்ப்பு ஆயிரத்து நூறாண்டுகளுக்குப் பின் நமக்குத் தெரியவந்துள்ளது.

உமானின் ளஃபார்ப் பகுதியிலுள்ள அல்பலீத் அகழாய்வில், தையல் துளைகளும் கயிற்றின் எச்சங்களும் உள்ள கப்பற் பலகைகள் கட்டடங்களில் மறுபடி பயன்படுத்தப்பட்டிருப்பது தெரிந்தது. கடலுக்கு உதவாத பலகையும் வீட்டுக்கு உதவியது. வீணாக்காத பண்பு அத்துறையில் வாழ்ந்தோரிடம் இருந்தது.

கரையில் ஒரு பருவம்

காற்றே இக்கடலின் நாள்காட்டி. 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றின் பெயராயிற்று. தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் வீசும் மாதங்களில் அரபிக் கடலின் துறைகள் பல மூடிக்கிடக்கும். அந்த ஓய்வுக் காலமே பழுது பார்க்கும் காலம்.

பேரோதம் ஏறும் நாளைக் கணித்துக் கலத்தைக் கரையேற்றுவர். நீர் வடிந்ததும் அது ஒருபுறம் சாயும். முட்டுக் கொடுத்து நிறுத்துவர். அடுத்த ஓதம் ஏறுவதற்குள் வெளிப்பட்ட பக்கத்தை முடிக்க வேண்டும். முதலில் ஒட்டியுள்ள ஓடுகளையும் பாசியையும் சுரண்டுவர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி அடிப்பகுதியில் அனல் காட்டுவர். உள்ளே புகுந்த புழு அதனால் மடியும். தீ மரத்தைப் பற்றாமல் புழுவை மட்டும் கொல்லும் அளவை அறிந்திருப்பது பழகிய கைக்கே உரிய திறமை. பிறகு இடுக்குகளைச் சோதித்து, தளர்ந்த திணிப்பை எடுத்துவிட்டு, எண்ணெயில் தோய்த்த புதுப் பஞ்சையோ நாரையோ உளியால் செலுத்துவர்.

இறுதியில் இரு பூச்சுகள். நீர்மட்டத்துக்குக் கீழே ஆட்டுக் கொழுப்பையோ ஒட்டகக் கொழுப்பையோ உருக்கிச் சுண்ணாம்புடன் கலந்து, சூடு ஆறுமுன் வெறுங்கையால் தேய்ப்பர். அது காய்ந்து வெள்ளைத் தோல்போல் இறுகும். புழு எளிதில் புகாது. நீர்மட்டத்துக்கு மேலே வளைகுடாவில் 'ஸில்' எனப்படும் சுறா ஈரல் எண்ணெயைப் பூசுவர். நாற்றம் தாங்க முடியாதது. ஆனால் மரம் வெயிலில் பிளக்காது. நம் கரைகளில் புன்னை எண்ணெயும் குங்கிலியமும் இதே பணியைச் செய்தன. கையில் கிடைத்ததைக் கொண்டு காக்கக் கற்பதே ஒவ்வொரு கரையின் கலை.

கலத்தின் உறுப்புகளுக்கும் இதே கவனம் உண்டு. பாய்களை விரித்து உலர்த்தி, கிழிந்த இடங்களைத் தைப்பர். தென்னங்கயிறு உப்புநீரைத் தாங்கும். ஆயினும் உராயும் இடங்களைப் பார்த்து முனை மாற்றிக் கட்டுவர். பருமலில் விரிசல் தெரிந்தால் கயிறு சுற்றி இறுக்குவர். நங்கூரக் கயிற்றைக் கடைசி முழம் வரை இழுத்துப் பார்ப்பர். ஏனெனில் அது சோதிக்கப்படும் நேரத்தில் மாற்றுவதற்கு அவகாசம் இராது.

1938-39இல் குவைத்தின் 'பூம்' வகைக் கலமொன்றில் பயணம் செய்த ஆஸ்திரேலியக் கடலோடி ஆலன் வில்லியர்ஸ், 1940இல் வெளியிட்ட 'சிந்துபாதின் மைந்தர்' என்ற நூலில் இவ்வுழைப்பைக் கண்ணாரக் கண்டு பதிவு செய்தார். அது அம்மரபின் அந்திப் பொழுது. இயந்திரமும் எண்ணெய் வளமும் சில பத்தாண்டுகளில் அதை மாற்றிவிட்டன. 1980இல் உமானின் ஸூர் நகரில் 'ஸுஹார்' என்ற தைத்த கலத்தை மீண்டும் கட்ட முனைந்தபோது, தைக்கத் தெரிந்த கைகளுக்காக இலட்சத்தீவுகளை நாட வேண்டியிருந்தது. அது 1981இல் சீனாவின் காண்டன் துறையை அடைந்தது. பெலித்துங் கலத்தை முன்மாதிரியாகக் கொண்டு உமானில் கட்டப்பட்ட 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' 2010இல் சிங்கப்பூர் வரை ஓடியது. வழியில் அதன் பாய்மரத்தில் விரிசல் கண்டு, இலங்கையில் புதிய மரம் தேடிப் பொருத்தினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்கலங்களுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது, இடைத்துறையே காத்தது. 2025இல் இந்தியக் கடற்படை ஏற்றுக்கொண்ட 'கவுண்டின்யா' என்னும் தைத்த கலமும் கேரளக் கைவினைஞர்களின் உழைப்பே. ஈரானின் 'லெஞ்ச்' கலங்களைக் கட்டி ஓட்டும் திறனை 2011இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இத்திறன் ஏட்டில் பிழைக்காது, கையில் கற்றால்தான் பிழைக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சிகள் போதிய சான்று.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

ஜுல்ஃபார் நகரின் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் ஹிஜ்ரி 895இல் (கி.பி. 1490) முடித்த 'கிதாபுல் ஃபவாயித்' விண்மீன் வழிகாட்டலுக்காகப் புகழ்பெற்றது. விண்ணை நோக்கிய அந்த அறிஞர் அடிப்பலகையையும் மறக்கவில்லை. கலம் தரையில் இருக்கும்போதே முஅல்லிம் அதைச் சுற்றிப் பார்த்து அதன் குறைகளை அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் அறிவுரைகளுள் ஒன்று. கலத்தின் நோயை அறியாதவன் விண்மீனை அறிந்து என்ன பயன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸ்ல் 'ஆயினே அக்பரி'யில் கப்பற் பணியாளரைப் பன்னிரு வகையினராக வரிசைப்படுத்துகிறார். நாகுதா, முஅல்லிம், தண்டேல், ஸர்ஹங், சுக்கான்கீர் முதலிய பெயர்கள் அவ்வரிசையில் உள்ளன. நம் கரைகளில் இப்பெயர்கள் நகுதா, மாலுமி, தண்டல், சரங்கு, சுக்கான் என வாழ்ந்தன. ஆனால் நாம் நின்று பார்க்க வேண்டியது வரிசையின் கடைசியில் வருவோரை. 'கும்தி' எனப்பட்டோர் கலத்துள் கசிந்த நீரை இறைத்து வெளியேற்றினர். 'கார்வா' எனப்பட்ட சாதாரணக் கடலோடிகள் பாயை விரித்துச் சுருட்டினர்; அவர்களுள் சிலர் கடலில் மூழ்கி ஓட்டையை அடைத்தனர், பாறையில் சிக்கிய நங்கூரத்தை விடுவித்தனர். ஓடும் கலத்தின் அடியில், மூச்சடக்கி, கையில் நாரும் கொழுப்பும் கொண்டு இறங்கிய அம்மனிதரின் பெயரை எந்த நூலும் தரவில்லை. மேல்தளத்தில் தொழுதுகொண்டிருந்த ஹாஜிகளும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வணிகரும் உயிரோடு கரை சேர்ந்தது அவரால்.

பேணுதல் ஓர் அமானிதம்

கலத்தைப் பேணாதவன் இழப்பது மரத்தை மட்டுமா? இவ்வினாவுக்கு விடை காண நாம் அய்தாப் துறைக்கு மீள வேண்டும். சுறா எண்ணெயையும் கின்பார்க் கயிற்றையும் வியந்து எழுதிய அதே இப்னு ஜுபைர், அத்துறையின் கப்பல் உரிமையாளரைப் பற்றி மிகுந்த மனவேதனையுடன் எழுதுகிறார். கோழிக்கூண்டில் அடைப்பதுபோல் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக ஏற்றினர். ஒரே பயணத்தில் கலத்தின் விலையைத் தேடிக்கொண்டனர். அதன்பின் கடல் அக்கலத்தை என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. ஒரே பயணத்தில் விலை திரும்பிவிட்ட பொருளைப் பேணுவதற்கு இலாபக் கணக்கில் இடமில்லை. அங்கே ஏறியிருந்தோர் அல்லாஹ்வின் இல்லத்தை நோக்கிச் சென்றோர் என்பதும் அவர்கள் நெஞ்சைத் தொடவில்லை. ஆக, நல்ல கயிறும் நல்ல எண்ணெயும் இருந்தும் போதாது. பேணுவோனின் உள்ளத்தில் பொறுப்பு இருக்க வேண்டும்.

இதனால்தான் நம் சட்ட அறிஞர்கள் கடற்றுறையை உரிமையாளரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தி, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் முஹ்தஸிபின் கடமைகளைக் கூறுமிடத்து, கலம் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றுவதையும் கடுங்காற்றில் செலுத்துவதையும் அவர் தடுக்க வேண்டும் என்கிறார். சந்தையின் எடைக்கல்லைச் சோதிக்கும் அதே அதிகாரி துறையின் கலத்தையும் கண்காணிக்க வேண்டும் என்ற இக்கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. எடைக்கல்லில் மோசடி செய்தவன் பணத்தைத் திருடுகிறான். கலத்தில் அளவு மீறுபவன் உயிரைத் திருடுகிறான்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழியையும் நாம் இங்கே நினைவுகூரலாம். கப்பலின் மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் இடம்பெற்றனர். தண்ணீருக்காக மேலே செல்வது பிறருக்குத் தொல்லை என்றெண்ணிய கீழ்த்தளத்தார் தம் பகுதியில் துளையிட நினைத்தனர். அவர்களைத் தடுத்தால் எல்லோரும் தப்புவர், விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர் என்பது அதன் கருத்து. சமுதாயப் பொறுப்பை விளக்க நபி (ஸல்) அவர்கள் கையாண்ட உவமை கப்பலின் அடிப்பலகை. அந்த உவமையை மேடையில் பலமுறை கேட்டிருக்கிறோம். அடிப்பலகையைப் பழுதின்றி வைத்திருந்தவரை அதனோடு சேர்த்து எண்ணியது குறைவு.

மற்றொரு கப்பலும் உண்டு. 'அல்கஹ்ஃப்' அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களுடன் பயணம் செய்த களிர் (அலை), கடலில் உழைத்துப் பிழைத்த ஏழைகளின் கலத்தைப் பழுதாக்குகிறார். நல்ல கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் மன்னனிடமிருந்து அதைக் காக்கவே அவ்வாறு செய்ததாகப் பின்னர் விளக்குகிறார். இவ்வரலாற்றின் மெய்ப்பொருளை நம் அறிஞர்கள் பலவாறு விரித்துரைத்துள்ளனர். புகாரியின் தஃப்ஸீர்ப் பகுதியில் இடம்பெறும் ஓர் அறிவிப்பு மட்டும் அதன்பின் என்ன நடந்தது என்று சொல்கிறது: ஆபத்தைக் கடந்ததும் அவர்கள் அக்கலத்தைச் சீர்செய்து பயன்படுத்திக்கொண்டனர். அதோடு நில்லாமல், ஓட்டையை எதைக் கொண்டு அடைத்தனர் என்பதையும் அது பேசுகிறது. கண்ணாடிப் புட்டியால் என்று சிலரும் கீலால் என்று சிலரும் கூறினராம். ஓட்டையை அடைத்த பொருள் எது என்பதிலும் கருத்து வேறுபாட்டைப் பேணி எழுதிவைத்த அந்த நேர்மையை நாம் வியக்கிறோம். அந்த ஏழைகளுக்குக் கலத்தைச் செப்பனிடத் தெரிந்திருந்தது. தெரியாதிருந்தால், மன்னனிடமிருந்து தப்பிய கலம் கரையிலேயே உளுத்துப்போயிருக்கும். இறையருள் காத்த கலம் மனிதக் கைகளின் உழைப்பால் மீண்டும் கடல் கண்டது.

நாம் செய்யத்தக்கது

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய நம் கடற்கரை ஊர்களில் கப்பல் உரிமையாளரின் குடும்ப வரலாறுகள் ஓரளவு தொகுக்கப்பட்டுள்ளன. மரைக்காயர்களின் வணிகமும் கொடையும் நூல்களாகியுள்ளன. அக்கலங்களைச் சுரண்டியவர், தைத்தவர், பாய் தைத்தவர், நீர் இறைத்தவர் ஆகியோரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அவர்களுள் பல சமயத்தவரும் பல குலத்தவரும் இருந்தனர். கலத்தின் அடிப்பலகை சமயம் கேட்பதில்லை.

அவ்வரலாற்றை எழுதுவதற்கான ஏடுகள் குறைவு. சொற்கள் உண்டு. கலப்பற்று, ஆஞ்சான், பருமல், தண்டல், சரங்கு என ஒவ்வொரு சொல்லும் ஒரு கையின் அசைவைச் சுமந்து நிற்கிறது. பாய்மரத் தோணிகளில் பணியாற்றிய முதியவர்கள் இன்றும் சில ஊர்களில் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்பது நம் வழக்கம். இனி, போவதற்கு முன் கலத்துக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்போம். எந்த எண்ணெய், எந்த நார், எத்தனை நாள், எவர் கையால் என்று கேட்டு எழுதி வைப்போம். அவர்கள் மறைந்தால் அச்சொற்கள் அகராதியில் மட்டும் எஞ்சும்.

கடலில் போனவரைப் பாடிய சமுதாயம் கரையில் குனிந்து நின்றவரையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒப்படைக்கப்பட்டதைப் பழுதின்றி மீண்டும் ஒப்படைப்பதே அமானிதம். ஒவ்வொரு பருவத்திலும் கொழுப்பும் சுண்ணாம்பும் தோய்ந்த கைகளால் அதை நிறைவேற்றிய அம்மனிதருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.